மிளகியின் வயிற்றுச் சத்தம்

என் பிரியமுள்ள மாப்ள,

"ஏனுங் மச்சான், உங்க மாடு நல்லா இருக்கறப்ப அதோட வயித்துச் சத்தம் எப்படி இருக்கும்?"

நீ என்னிடம் இதைக் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். எங்கள் செவலைப் பசு வயிறு ஊதிக் கிடந்தது. கால்நடை மருந்தகத்தில் உதவியாளாக இருந்த நீ ஓடி வந்து, அதன் இடது விலாவில் காதை வைத்தபடியே கேட்டாய். சுற்றிலும் ஊர் நின்றது. என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. "மாடு நல்லா இருக்கறப்ப எவன் மாப்ள போய் வயித்துல காது வெப்பான்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "அப்புறம் கெட்டுப் போச்சுன்னு எப்படிங்க தெரியும்?" என்றாய்.

வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டு, எனக்குப் பதில் தெரியாவிட்டால், "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்று சமாளித்துவிடுவேன். உன் கேள்வியையும் அப்படித்தான் உட்கார வைத்தேன். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் கழித்து இப்போதுதான் அதற்குப் பதில் கற்றுக்கொண்டேன். கற்ற விதம் நல்ல விதமில்லை. ஓர் உயிரை முக்கால்வாசி கொன்றுதான் கற்றுக்கொண்டேன். அதை உனக்கு எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அக்கா ரத்தினம் நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலிக்கு மட்டும் மழையைத் திட்டுகிறாள், மற்ற எல்லாவற்றுக்கும் என்னை. உன் மகள் தேன்மொழி நாமக்கல் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பழக்கடை போட்டிருக்கிறாள். பலா, அன்னாசி, மலைவாழை, கொஞ்சம் மிளகு. கடைக்குப் போவாள், வருவாள், சாப்பிடுவாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பாள்.

அப்படிப்பட்டவள் போன சித்திரையில் ஒரு நாள் கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாமா, ஒரு குதிரை வளத்தட்டுங்களா?" என்றாள்.

"எதுக்கு கண்ணு?"

"சும்மாதானுங்க."

சும்மா இல்லை. அடிவாரத்தில் ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார். கால்நடை மருத்துவர். அடிபட்டுக் கிடக்கிற வாயில்லா ஜீவன்களை எடுத்து வைத்துப் பார்க்கிறவர். தேன்மொழியிடம் பழம் வாங்க வருவார். அவரிடம் ஒரு பெண் குதிரை இருந்தது. சுற்றுலா வருகிறவர்களை முதுகில் ஏற்றிச் சுற்றி வந்த குதிரை. கல்யாண சீசனில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் அதுதான். பின்னங்கால் நொண்டியதும் அதை வைத்திருந்த ஆள் ரோட்டோரம் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டான். டாக்டர் அம்மா எடுத்துப் புண்ணை ஆற்றி, அதற்கு ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தார்.

சின்ன லாரியில் ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவையும் மெதுவாக ஏறி வந்து இறக்கினார்கள். காய்ந்த மிளகின் நிறம். மூக்குத் தண்டில் கயிறு அறுத்த தழும்பு. ரத்தினம் பார்த்ததும், "இது என்ன, எலும்புக்கு மேல தோலைக் காயப்போட்ட மாதிரி இருக்குது" என்றாள். தேன்மொழி மிளகி என்று பெயர் வைத்தாள்.

டாக்டர் அம்மா கொட்டகைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். புல், காய்ந்த புல், தண்ணீர், உப்புக்கட்டி. கீழே சிவப்பு மையில், 'வேறு எதுவும் கூடாது.' போகும்போது சொன்னார்: "மூணு மாசம் பாக்கறேனுங்க. ஒத்து வந்தா இங்கயே இருக்கட்டும். சரியாப் பாத்துக்கலீன்னா நான் திரும்பக் கூட்டிட்டுப் போயிருவேன்." கண்டிப்பான பேச்சு. எனக்குப் பிடித்திருந்தது. நானும் அப்படிப் பேசிப் பிழைத்தவன்தானே.

மிளகி முதல் ஒரு மாதம் கொட்டகைக்குள்ளேயே வரவில்லை. மழையில் நனைந்துகொண்டு பாதையைப் பார்த்து நிற்கும். வளைவில் பஸ் ஹாரன் அடித்தால் உடம்பு முழுக்கச் சிலிர்த்து, முதுகை விறைப்பாக்கிக்கொள்ளும். யாரோ ஏறப் போகிறார்கள் என்று தயாராவது போல. கை எதுவும் உயர்ந்துவிடக் கூடாது, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ரத்தினம் கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால்கூட அப்படித்தான். அவள் கொடியை அவிழ்த்து வீட்டுக்குப் பின்புறம் கட்டினாள். அங்கே வெயிலே வராது. இன்றுவரை என் வேட்டி சரியாகக் காய்ந்ததில்லை.

தேன்மொழி மட்டும் காலையில் எழுந்ததும் அதன் பக்கத்தில் போய் நிற்பாள். நேராகப் பார்க்க மாட்டாள், கை நீட்ட மாட்டாள். பஸ்ஸுக்கு நிற்பது போலச் சும்மா நிற்பாள். பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, அதன் விலாவில் காதை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

"என்ன கண்ணு பண்றே?"

"சத்தம் கேக்கறேனுங்க மாமா."

எனக்கு அங்கே உன்னைப் பார்த்தது போல இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

மூன்றாவது வாரத்தில் மிளகி அவள் கையிலிருந்து புல் வாங்கியது. ஐந்தாவது வாரம் ரத்தினம் கையிலிருந்து. என் கையிலிருந்து வாங்கவே இல்லை. நான் வந்தால் இரண்டு அடி தள்ளிப் போகும். முப்பத்தாறு வருடம் முரட்டுப் பிள்ளைகளைப் பேச்சாலேயே இழுத்து உட்கார வைத்தவன் நான். "உங்க குரல்லயே பிரம்பு இருக்குது, அதுக்குத் தெரியுது" என்றாள் உன் அக்கா. சிரித்துக்கொண்டேன். உள்ளே சுருக்கென்றிருந்தது, மாப்ள. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனி மாதம். நம் ஊரில் பலா வெட்டுகிற வீட்டில் மாட்டுக்குத் தனியாகத் தீனி தேட மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். சுளை மனுசனுக்கு, முள்தோல் மடலும் சுளையைச் சுற்றிய சடையும் மாட்டுக்கு. கத்தி எடுக்கிற சத்தம் கேட்டாலே மாடு கயிற்றை இழுக்கும். ஒரு சாயங்காலம் கடையில் விற்காமல் வெடித்துப்போன இரண்டு பழத்தை வாசலில் வெட்டிக்கொண்டிருந்தேன். ரத்தினம் கோயிலுக்குப் போயிருந்தாள், தேன்மொழி கடையில். வாசனைக்கு மிளகி தலையைத் தூக்கியது. காது இரண்டும் முன்னால் வந்தன. ஒரு அடி, இன்னொரு அடி, என்னை நோக்கி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு மடலை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

வாங்கியது மாப்ள! அந்த உதடு கையில் பட்டது, பஞ்சுபோல.

கரும்பலகையில் வருடா வருடம் எழுதுவேன்: 'தாவரம் உண்ணும் விலங்குகள் – ஆடு, மாடு, குதிரை.' மூன்றையும் ஒரே வரிசையில், ஒரே சாக்கட்டியில். மாடு தின்றால் குதிரையும் தின்னும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சிவப்பு மை ஞாபகம் வந்தது. டாக்டர் அம்மா கீழ்நாட்டுக்காரர், பலாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இரண்டு பழத்தின் மடலையும் சடையையும் அது தின்று முடிக்கிறவரை நின்று ஊட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அவர்கள் முன்னால் மிளகி என் கையில் வாங்குவதைக் காட்டி அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன்.

காலையில் தேன்மொழியின் குரல்தான் எழுப்பியது. "மாமா, இங்க வாங்க. சத்தம் இல்லீங்க."

மிளகி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. நேற்று வைத்த புல் அப்படியே இருந்தது. லத்தி போடவில்லை. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது, அங்கே யாரோ கூப்பிட்ட மாதிரி. தேன்மொழி இரண்டு பக்கமும் காது வைத்துக் கேட்டுவிட்டு டாக்டர் அம்மாவுக்கு போன் போட்டாள்.

"நேத்து என்ன தின்னுச்சுன்னு கேக்கறாங்க. புல்லுதானுங்களே மாமா? வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்ல கண்ணு" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் சொன்னேன்? சொன்னால் குதிரையைத் திரும்பக் கொண்டுபோய்விடுவார். தேன்மொழி மறுபடி பேச்சில்லாமல் போய்விடுவாள். இப்படி இரண்டு நல்ல காரணம் என்னிடம் இருந்தது. உண்மைக் காரணம் வெட்கம்தான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை நோட்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லும்போது அதன் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என் கண்ணும் அங்கேதான் போனது, தரைக்கு.

டாக்டர் அம்மா போனில் சொன்னார்: "புல்லு மட்டும்னா வெறும் வாயுவா இருக்கும். மெதுவா நடக்க வைங்க. உருள விடாதீங்க. வாய் வழியா எதையும் ஊத்தாதீங்க. இங்க ஒரு மாட்டுக்கு ஆபரேசன் நடந்துட்டு இருக்குது, முடிச்சுட்டு மத்தியானம் வாரேன்."

மத்தியானம். என் பொய் அவருடைய வருகையை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்துவிட்டது.

நடக்க வைத்தோம். பக்கத்துத் தோட்டத்துச் சின்னராசு விஷயம் கேட்டு ஓடி வந்தான். கையில் மூங்கில் குழாயும் அரைப்படி கடலெண்ணெயும். மாட்டுக்கு வயிறு ஊதினால் நாம் செய்வதுதானே.

"தலையைத் தூக்கிப் பிடிங்க வாத்தியாரே, ஒரே ஊத்து, ஓடிப்போயிரும்."

"வேண்டாமுங்க பெரியப்பா. டாக்டர் ஊத்தக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள் தேன்மொழி.

"டாக்டரு கீழ இருக்கறா. குதிரை இங்க சாவுது. உங்கப்பன் இதே குழாய்ல எத்தனை மாட்டைப் பொழைக்க வெச்சிருக்கறான், தெரியுமா?"

உன் பேரை எடுத்ததும் அவள் ஒரு நிமிடம் தடுமாறினாள். நான் பார்த்தேன். பிறகு, "அப்பா மாட்டுக்குத்தானுங்க ஊத்துனாரு. குதிரைக்கு ஊத்தல. அவருக்குத் தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லுவாரு" என்றாள்.

சின்னராசு குழாயைக் கீழே வைத்துவிட்டு, "படிச்சவங்க ஊட்டுல எனக்கென்ன வேலை" என்று முனகிக்கொண்டு பாறைமேல் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தானே தவிரப் போகவில்லை.

அப்போதுதான் மிளகி கீழே விழுந்தது. படுத்தது என்று சொல்ல மாட்டேன், விழுந்தது. கால்களை உதைத்துப் புரளப் பார்த்தது. கழுத்தெல்லாம் வியர்வை. உதட்டை மேலே சுருட்டிக்கொண்டு பல்லைக் காட்டியது. நாங்கள் மூன்று பேரும் இழுத்து, தட்டி, கெஞ்சி எழுப்பினோம். தேன்மொழி அதன் நெற்றியில் நெற்றியை வைத்து, "எந்திரி சாமி, எந்திரி சாமி" என்றாள்.

மாப்ள, நீ போன நாளில் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு மட்டும் தெரியும். அன்று காலை நீ என் வீட்டு வாசலில் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒரு மாதிரி இருக்குதுங்க மச்சான், வாயுப் பிடிப்பு போல" என்றாய். நான் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். "ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போகும், போய்ப் படு" என்றேன். மத்தியானம் நீ இல்லை. 'காலையில் ஏதாவது சொன்னானா?' என்று ரத்தினம் கேட்டாள். 'ஒன்றும் சொல்லவில்லையே' என்றேன். அன்றும் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

வியர்த்துக் கிடந்த அந்தக் கழுத்தைப் பார்த்ததும் என் தொண்டையில் அந்த வார்த்தை வந்து நின்றது. ஒன்றும் சொல்லவில்லையே. இரண்டாவது முறையும் அதே வார்த்தையா?

"தேனு, நான் குடுத்தேன் கண்ணு" என்றேன். "நேத்து சாயங்காலம். பலா மடலு. ரெண்டு பழத்தோடது."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு, சடையும் சேர்த்தா, எல்லாம் கேட்டார். கடைசியில், "காலையிலயே ஏனுங்க சொல்லல?" என்றார். எழுபதைத் தாண்டிய வயதில், "வெட்கமுங்கம்மா" என்றேன். "ஆபரேசனை வேற டாக்டர்கிட்ட விட்டுட்டுக் கிளம்பறேன்" என்று போனை வைத்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். பாதி மலையில் ஒரு வளைவில் பாரம் ஏற்றிய லாரி அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறதாம். மேலேயும் போக முடியாது, கீழேயும் திரும்ப முடியாது, பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றனவாம்.

குதிரையின் வயிறும் அதுதான் என்று பிறகு அவரே எனக்கு விளக்கினார். இப்போது அதை நான் என் உதாரணமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். மாட்டு வயிறு நாலு அறை வைத்த வீடு. தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவரலாம், ஏப்பம் விட்டு வாயுவை வெளியேற்றலாம். குதிரையின் வயிறு நம் மலைப்பாதை. அதற்கு வாந்தி வராது, ஏப்பமும் வராது. ஒரு வளைவில் ஒன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமலா நான் இரண்டையும் ஒரே வரிசையில் எழுதினேன்?

பாறைமேல் இருந்த சின்னராசு எழுந்தான். "ஊத்தத்தான் விடல. ஓட்டவாச்சும் விடுங்க" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான். லாரிக்கு மேல்பக்கம் வரை போய், டாக்டர் அம்மா ஜீப்பை விட்டுவிட்டு நடந்து ஏறி வந்ததும் கூட்டி வர வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் மாப்ள, என் வேலைக்காலத்தில் எந்தத் தேர்வு அறையிலும் நேரம் அப்படி நகராமல் நின்றதில்லை. வாசலிலிருந்து பலா மரம் வரை நான் கயிற்றைப் பிடித்து நடப்பேன், அங்கிருந்து வாசல் வரை தேன்மொழி. மிளகிக்கு ஒதுங்கிப் போகக்கூடத் தெம்பில்லை. நான் பிடித்ததும் வந்தது. அதுதான் என்னை அதிகம் வதைத்தது. தனக்கு இதைச் செய்த கை எது என்று அதற்குத் தெரியவில்லையே.

பாதி நடையில் தேன்மொழி நின்றாள். "இங்க காது வெச்சுக் கேளுங்க மாமா."

வைத்தேன். சூடு, வியர்வை, தோல் நடுக்கம். சத்தமே இல்லை. மே மாத விடுமுறையில் சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்தால் இருக்குமே, அந்த அமைதி. பிள்ளைகள் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகள் இல்லாத அமைதி.

டாக்டர் அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு சின்னராசுவின் பின்னால் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் நேராக மிளகியிடம் போனார். வலிக்கு ஊசி போட்டார். நீளமான குழாயை மூக்கு வழியாக மெதுவாக, மிக மெதுவாக உள்ளே விட்டார். குழாயின் மறுமுனையிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. புளித்த பலா வாசனை வாசல் முழுக்கப் பரவியது. எல்லோரும் மோந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு அதே குழாய் வழியாக ஏதோ எண்ணெயை ஊற்றினார்.

சின்னராசு என் காதோரம் வந்து, "எண்ணெய்தானுங்க வாத்தியாரே! நான் சொன்னதுதான்!" என்றான்.

டாக்டர் அம்மா திரும்பாமலே, "நீங்க ஊத்தியிருந்தா நுரையீரலுக்குப் போயிருக்கும்ங்க. வழிதான் வேற" என்றார். சின்னராசு குழாயை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"இனி நம்ம கையில இல்ல. லத்தி போட்டா பொழைக்கும்" என்று டாக்டர் அம்மா திட்டில் உட்கார்ந்தார். ரத்தினம் கொடுத்த காப்பி அவர் கையிலேயே ஆறியது.

நாங்கள் மறுபடி நடந்தோம். வாசல், பலா மரம், வாசல். வெயில் சாய்ந்தது. லாரியை நகர்த்திவிட்டார்கள் போல, சாயங்கால பஸ் வளைவில் ஹாரன் அடித்தது, மிளகி அதற்கும் சிலிர்க்கவில்லை. தேன்மொழி காதை வைத்தாள், எடுத்தாள், நடந்தாள். மறுபடி வைத்தாள். இந்தத் தடவை எடுக்கவில்லை. ஒற்றை விரலைத் தூக்கினாள், வகுப்பில் பேசாதே என்று நான் காட்டுவேனே, அதேபோல. எல்லோரும் மூச்சை அடக்கினோம்.

"ஒண்ணு கேட்டுச்சுங்க" என்றாள்.

இருட்டுவதற்குள் மிளகி வாலைத் தூக்கி, நாலு உருண்டை லத்தி போட்டது. ரத்தினம் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "என்னங்க இது, சாணியைப் பாத்து அழுதுட்டு நிக்கறீங்க" என்று என்னிடம் சொல்லும்போது அவள் குரலும் சரியில்லை.

டாக்டர் அம்மா கை கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். நான் முந்திக்கொண்டேன். "தப்பு என்னோடதுங்கம்மா. புள்ள மேல தப்பில்ல. குதிரையைக் கூட்டிட்டுப் போயிராதீங்க."

"நீங்க சொன்னதாலதான் நான் கிளம்பினேன். மத்தியானம் வந்திருந்தா பொதைக்கத்தான் வந்திருப்பேன்" என்றார். "மூணு மாசம்னு சொன்னேனில்லீங்களா, அதை ஆறாக்கறேன். தினமும் காலையில ரெண்டு பக்கமும் சத்தம் கேட்டு எனக்கு போன்ல சொல்லணும். தேன்மொழி இல்லீங்க. நீங்க."

முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவனுக்கு வீட்டுப்பாடம்.

அவர் போன பிறகு, தேன்மொழி வாளியில் தண்ணீர் எடுத்து வந்தபோது, இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். உன் ஓமத் தண்ணீர் விஷயத்தை. இன்று சொல்லாவிட்டால் என்றும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தெரியுமுங்க மாமா. அப்பா அன்னிக்குக் காலையில போன் பண்ணினாரு. 'மச்சான் ஓமத் தண்ணி குடுத்தாரு, இப்பத் தேவலை கண்ணு'ன்னாரு. நானும் சரீன்னு வெச்சுட்டேன்."

நானும். அந்த ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் மூன்று வருடமாக அவள் கடைக்குப் போய் வந்திருக்கிறாள். நான் பக்கத்து அறையில் இருந்துகொண்டு அவள் ஏன் பேசவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அக்காவிடமும் சொல்லிவிட்டோம், இரண்டு பேரும் சேர்ந்து. அவள் அழுதாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் திட்ட ஆரம்பித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

ஆறு மாதம் முடிந்து, போன வாரம் டாக்டர் அம்மா வந்து கையெழுத்துப் போட்டார். மிளகி இனி நம் வீட்டுக் குதிரை. மழைக்குத் தானாகக் கொட்டகைக்குள் வருகிறது. பஸ் ஹாரனுக்குத் தலையைத் தூக்குகிறது, பிறகு புல்லுக்குத் திரும்புகிறது. நான் வெறும் கையோடு போனாலும் தள்ளிப் போவதில்லை. தேன்மொழி சாப்பிடும்போது தானாகவே கடைக்கதை சொல்கிறாள். நேற்று ஒரு வெளியூர்க்காரர் பலாப்பழத்தை முள்ளில்லாமல் கேட்டாராம்.

இனி உன் கேள்விக்குப் பதில். குதிரை நல்லா இருக்கிறபோது இடப்பக்கம் தூரத்தில் இடி இடிக்கிற சத்தம் கேட்கும், அடங்கி அடங்கி. வலப்பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பயந்துவிடக் கூடாது, காத்திருக்க வேண்டும். பிறகு குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்த மாதிரி நீளமாக ஒன்று ஓடும். மொத்தத்தில் இடைவேளை நேரத்துப் பள்ளிக்கூடம். மாட்டின் சத்தம் வேறு. அதையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் உன் நெஞ்சின் சத்தம் நன்றாக இருந்தபோது எப்படி இருந்தது, மாப்ள? முப்பது வருடம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம் இல்லையா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கால் நடக்கிறவரை தினமும் காலையில் மிளகியின் இரண்டு பக்கமும் காது வைப்பேன். தேன்மொழியோ ரத்தினமோ 'ஒரு மாதிரி இருக்குது' என்று சொன்னால், அடுப்புப் பக்கம் போக மாட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை. நாளைக் காலையில் உங்கள் வீட்டு மாட்டிடமோ ஆட்டிடமோ போங்கள். அது நன்றாக இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். பக்கவாட்டில் நின்று, விலாவில் காதை வைத்து, நூறு எண்ணுகிறவரை எடுக்காமல் கேளுங்கள்.

உன் அக்காளைக் கட்டிய,
உன் மகளுக்கு மாமனான,
உன் மச்சான்.